ரீஃபண்ட் வந்துவிட்டது, இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லிக்குக் காலை 6 மணி விமானத்தில் போக டிராவல் ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்திருந்தேன். 'செயல்பாட்டுக் காரணங்களால் ரத்து' என்று முதல்நாள் இரவு 9 மணிக்கு எஸ்எம்எஸ் வந்தது. வேறு விமானத்தில் அதிக விலைக்கு டிக்கெட் வாங்கிப் போனேன். பழைய டிக்கெட்டின் முழுப் பணமும் திரும்ப வந்துவிட்டது. இழப்பீடு கேட்டால், 'அதான் ரீஃபண்ட் கொடுத்தாச்சே' என்கிறார்கள். இனி ஏதாவது செய்ய முடியுமா? – வாசகர், மதுரை

பதில்: முடியும். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு விமான நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. புறப்படும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், ரீஃபண்டுக்கு மேல் இழப்பீடும் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி (பிரிவு 3, வரிசை எம், பாகம் 4). உங்களுக்கு 9 மணி நேரம் முன்புதான் சொல்லியிருக்கிறார்கள்.

எவ்வளவு கிடைக்கும்? பயண நேரம் ஒரு மணி நேரம் வரை என்றால் ரூ.5,000, இரண்டு மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. டெல்லிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் நீங்கள் மூன்றாவது வகை. ஆனால் பலரும் கவனிக்காத ஒரு வரி விதியில் உண்டு: இந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். டிக்கெட்டில் வரி, விமான நிலையக் கட்டணமெல்லாம் தனித்தனியாகப் போட்டிருக்கும். அவற்றைக் கழித்து மீதி ரூ.5,200 என்றால் அதுதான் உங்கள் இழப்பீடு. சரியான தொகையைக் கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கடினம்.

அவர்கள் இரண்டு வழிகளில் நழுவப் பார்க்கலாம். ஒன்று, காரணம். வானிலை, பாதுகாப்புச் சிக்கல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போல அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. 'செயல்பாட்டுக் காரணம்' என்ற மொட்டையான வார்த்தை அந்தப் பட்டியலில் வராது. உண்மைக் காரணத்தை மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். அன்று காலை மற்ற நிறுவனங்களின் டெல்லி விமானங்கள் கிளம்பினவா என்றும் பாருங்கள். நீங்களே ஒன்றில் போயிருக்கிறீர்களே, அந்த போர்டிங் பாஸ் நல்ல சான்று. பணியாளர் பற்றாக்குறை என்று பதில் வந்தாலும் விடாதீர்கள். 2025 டிசம்பரில் விமானிகளின் பணிநேர விதிகளுக்குத் தயாராகாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, 24 மணி நேரத்துக்குள் ரத்தானவற்றுக்கு ரூ.5,000 முதல் 10,000 வரை தருவதாக அந்த நிறுவனமே அறிவித்தது.

இன்னொன்று, தொலைபேசி எண். பயணி சரியான தொடர்பு விவரம் தராவிட்டால் இழப்பீடு இல்லை. ஏஜென்ட்கள் தங்கள் எண்ணையே போட்டுவிடுவது வழக்கம். 'நாங்கள் முன்பே தகவல் அனுப்பினோமே' என்று நிறுவனம் கைகழுவ அது போதும். எஸ்எம்எஸ் உங்கள் எண்ணுக்கே வந்திருந்தால் அதை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம், கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நிறுவனத்தின் இணையதளத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, மேல்முறையீட்டு அதிகாரி ஆகியோரின் முகவரி இருக்கும். விமான எண், பிஎன்ஆர் (முன்பதிவு எண்), எஸ்எம்எஸ் வந்த நேரம், கேட்கும் தொகை, விதியின் பெயர் – இவ்வளவும் பத்து வரிக்குள் அடங்கட்டும். நடந்த கஷ்டத்தையெல்லாம் எழுதினால் தொகை அதில் புதைந்துவிடும். 'முழு, இறுதித் தீர்வு' என்று எழுதிய வவுச்சர் எதையும் ஏற்காதீர்கள்.

பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் செய்யுங்கள். புதிய டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் டிஜிசிஏ கணக்கில் வராது. அதைச் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில்தான் கேட்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் இல்லை. நுகர்வோர் ஆணைய வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ரத்தான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.