ஸ்பேனர் கேட்கப் போய் சாவி கேட்டவன்

செப்டம்பரில் லிஸ்பனுக்கு முதுகலை படிக்க வருகிறேன், அக்கம்பக்கத்தில் ஒரு பொருளை இரவல் கேட்கவும் கடையில் பாத்ரூம் போகலாமா என்று கேட்கவும் போர்த்துகீஸில் மரியாதையாக எப்படிச் சொல்வது, அப்படியே வாடகை, பார்ட் டைம் வேலை, குளிர் உடுப்பு பற்றியும் சொல்லுங்கள் அண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, வாடகையைப் பற்றிச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். சொல்லி முடித்துவிட்டு அழவும் செய்வார்கள். நான் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அதில் எனக்கு விழுந்த அடி அப்படி.

நான் வந்தது 2012இல். முந்தின வருஷம்தான் போர்ச்சுகல் நாடே 7,800 கோடி யூரோ கடனுக்குக் கை நீட்டியிருந்தது. லிஸ்பனில் அரோயுஷ் என்ற பேட்டைப் பக்கம் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், நாலாவது மாடியில் ஓர் அறை. யாரோ விற்ற பழைய கட்டிலை முப்பது யூரோவுக்கு வாங்கி, பிரித்து, நாலு மாடி சுமந்தாகிவிட்டது. மறுபடி பூட்ட ஸ்பேனர் இல்லை. நான் வேலை பார்த்த ஓட்டல் அடுக்களையில் ஸ்பேனரை ‘ஷாவ் இங்க்லேசா’ என்பார்கள். ஷாவ் நம்முடைய சாவிதான், அவர்கள் கப்பலில் வந்து விட்டுப்போன சொல். வெள்ளைக்காரன் சாவி என்றால் ஸ்பேனர். என் மண்டையில் நின்றது சாவி மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றாம் மாடி இடதுபக்க வீட்டைத் தட்டினேன். வயசான அம்மா. சங்கிலியை எடுக்காமலே நாலு விரல் அகலத்துக்குக் கதவைத் திறந்தார். “கேரு ஷாவ்” என்றேன். சாவி வேணும். “என்ன சாவி?” என்றார். மேற்கொண்டு வார்த்தை வரவில்லை, கையை நீட்டி போல்ட்டைத் திருகுவதுபோல் செய்து காட்டினேன். பூட்டில் சாவியைத் திருகுவதற்கும் அதே சைகைதான் என்பது அப்போது உறைக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. அன்றைக்கு மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தேன். டிசம்பர் மாசத்துத் தரை.

மறுநாள் சாயங்காலம் அவருடைய மருமகன் விசாரிக்க மேலே வந்தார். பிரித்துப் போட்ட கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்பேனர் வந்தது.

சொல்லைத் தப்பாகச் சொன்னதுதான் குற்றம் என்று நினைப்பீர்கள். அது சின்னக் குற்றம். ‘போவா தார்த்’ என்று ஒரு மதிய வணக்கம் சொல்லாமல் வாயைத் திறந்தேனே, அதுதான் பெரிய குற்றம். இங்கே மதியச் சாப்பாடு வரைக்கும் ‘போங் தீயா’, அதற்குப் பிறகு ‘போவா தார்த்’, இருட்டினால் ‘போவா நோய்த்’. டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர்கூட முன்பின் தெரியாத ஏழு பேருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். யோசித்துப் பாருங்கள், தூத்துக்குடியில் பக்கத்து வீட்டு அத்தையிடம் போய் “ஸ்பேனர் வேணும்” என்று நிற்பேனா? “என்ன அத்தை, சமையல் ஆச்சா” என்று ஆரம்பித்து, மாமாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு என்று கேட்டு, கிளம்புகிற மாதிரி திரும்பி, அப்புறம்தானே ஸ்பேனர். கடல் தாண்டியதும் நமக்கு இதெல்லாம் மறந்துபோகிறது. பாஷை தெரியாத இடத்தில் மரியாதையும் தெரியாது என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம்.

இரண்டாவது குற்றம் அந்தக் ‘கேரு’. ‘எனக்கு வேணும்’ என்று மேசையில் அடித்துச் சொல்வது. இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை, வினையை இறந்த காலத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ‘கெரீயா’, அதாவது ‘வேண்டியிருந்தது’. காபிக் கடையில் “கெரீயா உங் கஃபே” என்றால் சில பழைய பரிசாரகர்கள் “வேண்டியிருந்ததா? அப்ப இப்ப வேண்டாமா?” என்று கேட்பார்கள். நூறு வருஷப் பழைய ஜோக் போல இருக்கும், சிரித்துவிடுங்கள். நமக்கு இது புதிதே இல்லை. “ஒரு உதவி கேக்கலாம்னு வந்தேன்” என்று வந்து நின்றுகொண்டுதானே நாமும் சொல்கிறோம்.

இரவல் கேட்க நான் இன்றைக்கும் சொல்வது இது: “புதீயா எம்ப்ரெஷ்தார்-ம” என்று தொடங்கி, பொருளின் பெயரைச் சொல்லி, கடைசியில் “ஸ ஃபாஷ் ஃபவோர்”. புதீயா என்றால் ‘முடியுமாயிருந்ததா’, எம்ப்ரெஷ்தார்-ம என்றால் ‘எனக்கு இரவல் தர’. கூடவே ‘உங் புக்கதீஞு’ என்று ஒட்டினால் இன்னும் இதம். துளியூண்டு, கொஞ்சூண்டு என்று அர்த்தம். “கொஞ்சம் பேனா குடுங்களேன்” என்கிறோமே, பாதிப் பேனாவா கேட்கிறோம்? அந்தக் ‘கொஞ்சம்’தான் இது. ஆனால் ‘ஸ ஃபாஷ் ஃபவோர்’ மட்டும் நம்மிடம் இல்லாதது. தயவுசெய்து என்பது நமக்கு ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பில்தான் உண்டு, வீட்டில் ‘ங்க’வும் ‘ளேன்’னும் அந்த வேலையைப் பார்த்துவிடும். அதனால் நம் பசங்க அதை விட்டுவிடுகிறார்கள், கேட்கிறவருக்கோ அதட்டலாக விழுகிறது.

‘எம்ப்ரெஷ்தார்’ என்ற சொல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது கொடுக்கிறவன் செய்வது, வாங்குகிறவன் செய்வது அல்ல. “பொசு எம்ப்ரெஷ்தார்?” என்று கேட்டால் ‘நான் இரவல் தரட்டுமா?’ என்று ஆகும். நான் ஒரு வருஷம் இப்படியே ஊரெல்லாம் தானம் பண்ணிக்கொண்டு திரிந்தேன். வாங்குவதற்கு ‘பெதீர் எம்ப்ரெஷ்தாது’ என்பார்கள். பெதீர் என்றால் கேட்பது. கேட்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூட இலக்கணத்தில் ஈ, தா, கொடு படித்திருப்பீர்கள்: தாழ்ந்தவன் கேட்டால் ஈ, சமமானவன் தா, உயர்ந்தவன் கொடு. கேட்கும் சொல்லை வைத்தே ஆளின் படியை அளந்தவர்கள் நாம். இங்கே வந்து அலட்சியமாகக் கேட்கலாமா?

பிரேசில்காரர் வீடியோ பார்த்துப் பாஷை படிக்காதீர்கள் என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறேன், யாரும் கேட்பதில்லை. அவர்கள் பேச்சு இனிமைதான், எனக்கும் பிரேசில் நண்பர்கள் உண்டு. ஆனால் எதிரே இருப்பவரை அழைக்க அங்கே சர்வசாதாரணமான ‘வொசே’ என்ற சொல் இங்கே பெரியவர்கள் காதில் கரடாக விழும். அந்த வார்த்தை தொழுவத்துக்கு உரியது என்று பிள்ளைகளை அதட்டுகிற பழைய வழக்கே உண்டு. பெரியவரிடம் ‘அ சென்யோரா’ (அம்மா), ‘உ சென்யோர்’ (ஐயா) என்று படர்க்கையில் பேசுங்கள். “அத்தை கொஞ்சம் தருவாங்களா” என்று அத்தையிடமே கேட்கிற மாதிரி. அதுவும் வராவிட்டால் பெயரே இல்லாமல் வினையை மட்டும் சொல்லுங்கள், போதும்.

பாத்ரூமுக்கும் இதே கதை. பிரேசில்காரர் ‘பஞெய்ரு’ என்பார், இங்கே ‘காஸா த பாஞு’. குளியல் வீடு. ‘ஞ’ நமக்குக் கைவந்த எழுத்து. என்னோடு வேலை பார்த்த வடக்கத்திப் பையன்கள் அதை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைப் பார்த்து நான் அற்பமாகச் சந்தோஷப்பட்டதுண்டு. கடைக்குள் நேராகப் பின்பக்கம் போகாதீர்கள். வணக்கம், ஒரு காபி, பிறகு “அ காஸா த பாஞு, ஸ ஃபாஷ் ஃபவோர்?”. சில கடைகளில் சாவி கவுண்டரில் இருக்கும். ஆமாம், ஷாவ்.

‘இம்போர்த்தா-ஸ’ என்று தொடங்கும் கேள்வி கேட்டால் உஷாராக இருங்கள். ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா’ என்று அர்த்தம். ஓட்டலில் ஒருவரிடம் போன் சார்ஜரை இப்படி அழகாகக் கேட்டேன், “நாவ், நாவ்” என்றார், இல்லை இல்லை என்று. முகம் செத்துப்போய் நகர்ந்துவிட்டேன். ஆட்சேபம் இல்லை, எடுத்துக்கோ என்று சொன்னதாம் அது. சாயங்காலம் வரைக்கும் நான் ஏன் முறைக்கிறேன் என்று அவருக்கும் புரியவில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. சாப்பாட்டைப் பிரித்தவர் என்னைப் பார்த்து “எ செர்வீது?” என்றார். சாப்பிடுகிறீர்களா என்பது. மாசக் கடைசி, பசி, அவருடைய பன்றிக்கறி ரொட்டியில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மிச்சத்தைத் தின்றார். ரயிலில் டிபன் பாக்ஸைத் திறக்கிறவர் எதிர் சீட்டுக்காரரை “சாப்பிடுங்க” என்பதும், அவர் “இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க” என்பதும் நமக்குத் தெரியாததா? அதேதான். ‘நாவ், ஒப்ரிகாது’, அதாவது ‘வேண்டாம், நன்றி’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்கிறவர் பெண்ணாக இருந்தால் ஒப்ரிகாதா, எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும்.

டிரில் இரவல் கிடைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டாதீர்கள். வேலை நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரைதான் வீட்டுக்குள் இந்த மாதிரி வேலைக்கு அனுமதி. சனிக்கிழமையும் கிடையாது.

இப்போது எனக்கு எரிச்சல் தருகிற விஷயம். ஸ்பேனர் கேட்கக் கூச்சப்படுகிற நம் ஆட்கள், “அண்ணா, உங்க அட்ரஸைக் கொஞ்சம் போட்டுக்கலாமா” என்று மட்டும் கூசாமல் கேட்கிறார்கள். பாங்க் அக்கவுண்டில் ஒரு பணம் வரும், எடுத்துக் கொடுங்கள் என்கிறார்கள். கேட்கவும் செய்யாதீர்கள், கொடுக்கவும் செய்யாதீர்கள். முகவரியும் 9 இலக்க வரி எண்ணும் இரவல் பொருள் இல்லை. இதைச் சொன்னதற்கே ‘செட்டில் ஆனதும் பெரிய ஆளாயிட்டார்’ என்று பேர் வாங்கியிருக்கிறேன். இருக்கட்டும்.

எனக்கும் ஒருநாள் அந்தத் தேவை வந்தது. ‘ஜுந்தா’ என்பது வட்டார ஆபீஸ், நம் ஊர் பஞ்சாயத்து ஆபீஸ் போல. நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று சான்று வாங்க அந்த வட்டாரத்து வாக்காளர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். ஐம்பது, நூறு யூரோ கொடுத்தால் சாட்சிக்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்று நம்மவர் ஒருவரே வந்து நின்றார். நான் மூன்றாம் மாடிக்கு இறங்கினேன்.

அதற்குள் அந்த அம்மாவுக்கும் எனக்கும் போக்குவரத்து வந்துவிட்டது. ஸ்பேனரைத் திருப்பும்போது வெறுங்கையாகப் போகக்கூடாதே என்று ஒரு தட்டு முறுக்கு வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அந்தத் தட்டு பால் சோற்றோடு வந்தது, மேலே பட்டைத்தூளில் கோலம் போட்டு. பிறகு என் பெயரைப் பார்த்துவிட்டார். தூத்துக்குடிக்காரன், பின்னால் பர்னாந்து. நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடற்கரைக்கு இவர்கள் வந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். இங்கே பெர்னாந்து என்பது முதல் பெயர். “பெர்னாந்து சரி, மிச்சப் பேர் எங்கே?” என்று ஒவ்வொரு கவுண்டரிலும் கேட்பார்கள். அவரும் அதையே கேட்டார்.

அன்றைக்குக் கதவு முழுசாகத் திறந்தது. போவா தார்த் சொன்னேன், முட்டுவலியை விசாரித்தேன், “கெரீயா பெதீர்-ல்ய உங் ஃபவோர்” என்றேன். உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டியிருந்தது.

“மறுபடியும் சாவியா?” என்றார்.

அடையாள அட்டையையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுக்காரரையும் அவரே கூப்பிட்டார். படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாடி இறங்க கால்மணி நேரம் ஆயிற்று.

மற்றக் கேள்விகள்: வாடகைக்கு வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். வேலை, வந்த பிறகு பார்க்கலாம். குளிருக்கு, வீட்டுக்குள் போட ஒரு கனத்த ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள், இங்கே பழைய வீடுகளில் வெளியைவிட உள்ளேதான் குளிரும். ஸ்பேனர் கொண்டுவர வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கிறது.