பஸ்ஸுக்கு ஆடுகிறது, சுமாத்திராவுக்கு ஆடவில்லை: பாடசாலை நிலநடுக்கமானிக்குப் புதிய சென்சர் தேவையா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஹாட்வெயார் கடைப் பொருள்களைக் கொண்டு மாணவர்களுடன் ஒரு நிலநடுக்கமானி செய்தோம். சுருள்வில்லில் தொங்கும் இரும்புக் கட்டி, அதன் கீழே காந்தமும் கம்பிச் சுருளும், அங்கிருந்து மடிக்கணினியின் மைக் துளைக்கு ஒரு வயர். வீதியில் பஸ் போனாலும் பிள்ளைகள் ஓடினாலும் கோடு துள்ளுகிறது. சுமாத்திராவில் பெரிய நடுக்கம் என்று செய்தி வந்த நாளில் அசையவேயில்லை. சென்சரை மாற்றினால் சரியாகும், சுனாமி எச்சரிக்கை மணியும் பூட்டித் தருகிறேன் என்று ஒரு முகவர் சொல்கிறார். அவர் கேட்கும் விலை எங்கள் ஆண்டு ஒதுக்கீட்டில் பாதி. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கருவியில் பழுதில்லை; அது வேறு வேலைக்குப் பொருந்தும் கருவி, அவ்வளவுதான். சுருள்வில்லில் தொங்கும் கட்டி ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு தடவை ஆடும் என்பதால், பஸ்ஸும் காலடியும் எழுப்பும் விரைவான அதிர்வுகளை நன்றாகக் காட்டும். ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் கடந்து சுமாத்திராவிலிருந்து வரும் பெரிய மேற்பரப்பு அலைகளோ ஒரு தடவை வந்து திரும்ப 20 செக்கன் வரை எடுப்பவை. அவ்வளவு மெதுவாக நிலம் நகரும்போது கட்டியும் நிலத்தோடு சேர்ந்தே நகர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இல்லாதபோது பதிவதற்கும் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, மைக் துளை மனிதக் காதுக்கான ஒலிகளுக்கென்றே செய்யப்பட்டது, மெதுவான அலைகளை அது வாசலிலேயே வடிகட்டிவிடும். எந்தச் சென்சரை அதில் செருகினாலும் இதுதான் நடக்கும். அதற்குப் பதிலாக, சுருளின் மின்னழுத்தத்தை எண்களாக மாற்றும் ஏ.டி.எஸ். 1115 போன்ற 16 பிட் மாற்றிப் பலகை ஒன்றையும், அதைக் கணினியோடு இணைக்கும் ஆர்டுயீனோ போன்ற சிறு பலகை ஒன்றையும், ஒரு சிறிய பெருக்கியையும் வாங்குங்கள். நீங்கள் கடையில் வாங்க வேண்டிய மின்னணுப் பொருள் அவ்வளவே.

இனி ஊசலைக் கவனிப்போம். அந்த மெதுவான அலைகளைப் பிடிக்க, ஒரு தடவை ஆடித் திரும்ப 15 செக்கன் எடுக்கும் ஊசல் (15 செக்கன் அலைவுகாலம்) வேண்டுமென்று சாதாரண ஊசலைத் தொங்கவிட்டால் 56 மீற்றர் நீளக் கயிறு வேண்டும். வேலிப் படலையைப் போல ஒரு தூணில் கிடையாக மாட்டினால் 60 சென்ரிமீற்றர்க் குழாயே போதும். குழாயின் ஒரு முனை தூணின் அடியில் ஒரு கூரிய முனையில் தாங்கி நிற்க, மறு முனையருகே கட்டிய பாரத்தை மெல்லிய உருக்குக் கம்பி தூணின் மேற்பகுதியிலிருந்து பிடித்துக்கொள்ளும். மேல் இணைப்பு கீழ் இணைப்புக்கு நேர் மேலே இருக்கக்கூடாது. இரண்டுக்கும் இடையில் 50 சென்ரிமீற்றர் உயரம் என்றால், மேல் இணைப்பு பாரம் இருக்கும் பக்கமாக 5 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக முன்தள்ளி நிற்க வேண்டும். இந்தச் சிறு சரிவுதான் அலைவுகாலத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே அடிப்பலகையை மூன்று போல்ற்றுகளில் நிறுத்தி, அவற்றைத் திருகித் திருகிச் சரிவை மாற்றுங்கள். பாரத்துக்கு இரும்பு வேண்டாம், காந்தம் அதை இழுக்கும். உங்கள் கரையில் வலைக்குக் கட்டும் ஈயம் கிடைக்குமே, இரண்டு மூன்று கிலோ போதும். தொட்ட பிள்ளைகள் கை கழுவ வேண்டும்.

அலைவைத் தணிக்காமல் விட்டால், ஒரு லொறி போனதற்கு ஊசல் பல நிமிடங்கள் ஆடிக்கொண்டிருக்கும். குழாயில் ஒரு தடித்த செப்புத் தட்டைப் பூட்டி, அதை இரண்டு காந்தங்களுக்கு நடுவே நகரவிடுங்கள். தள்ளிவிட்ட ஊசல் மறுபக்கம் சிறிதே போய்த் திரும்பி நின்றுவிட்டால் தணிப்பு சரி. வகுப்பறைத் தரையில் வைக்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் நின்றாலே தரை சரியும், அதை இந்தக் கருவி காட்டும். களஞ்சிய அறை மூலையில், கட்டடத் தரையோடு ஒட்டாத தனிக் கொன்கிறீற் மேடை போட்டு, ரிஜிபோம் ஒட்டிய பெட்டியால் மூடுங்கள். காற்றும் சிலந்தியும் உள்ளே போகக்கூடாது.

முகவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'நிலநடுக்கச் சென்சர்' என்று பாடசாலைகளில் கொண்டுபோய்க் காட்டப்படுவது பெரும்பாலும் எஸ்.டபிள்யூ. 420 என்ற சில்லறைப் பலகை. அதற்குள் இருப்பது தட்டினால் திறந்து மூடும் ஒரு சிறு ஆளி மட்டுமே, அது எதையும் அளப்பதில்லை. சுருள் சுற்றும் செப்புக் கம்பியிலும் இதே கதைதான். செப்பு பூசிய அலுமினியக் கம்பியைச் செப்பு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கத்தியால் சுரண்டி, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். மோட்டர் சுற்றுபவரிடம் நல்ல கம்பி கிடைக்கும். ஆனால் அவரிடம் அச்சிட்ட பில் புத்தகம் இருக்காது, மூன்று விலைக்கோரல் கேட்கும் நடைமுறைக்கு அவர் ஆகமாட்டார், எனவே பொருளே தெரியாத ஆனால் கடிதத்தலைப்பு வைத்திருக்கும் இடைத்தரகருக்குப் பாடசாலைக் காசு போய்ச் சேரும். இந்த நடைமுறையை எழுதியவர்கள் ஒரு தடவையாவது ஒரு சுருளைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

பழைய பொருள்களைப் பயன்படுத்தச் சொல்வதே என் வழக்கம். அதற்கு, போரில் எஞ்சிய வெடிபொருள்கள் மண்ணில் கிடக்கக்கூடிய வன்னியில் ஒரு விதிவிலக்கு உண்டு. பாரத்துக்கென்று காணியிலோ பற்றையிலோ கண்டெடுத்த இரும்பை எடுக்கவே கூடாது. வால் சிறகு உள்ளது, மூடிய குழாய், உருண்டை, எதுவென்று தெரியாத கட்டி, எதுவானாலும் சரி. பழைய இரும்பு வியாபாரியின் தராசில் கிடப்பதும் பாதுகாப்பானது என்று எண்ணாதீர்கள். அவரும் யாரோ பொறுக்கிக் கொடுத்ததைத்தான் வைத்திருக்கிறார். 'பாரமான இரும்பு கொண்டு வாருங்கள்' என்று பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுக்கவே வேண்டாம். மேடைக்குக் குழி தோண்டுவதும் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலத்தில் மட்டுமே நடக்க வேண்டும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

எச்சரிக்கை மணி வேண்டவே வேண்டாம். 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவில் நிலம் உடைந்து நான்கு நிமிடத்துக்குள் முதல் அதிர்வு இலங்கையை எட்டியது. சுனாமி வர ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தது. கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை நிலநடுக்க நிலையத்தின் கருவியில் அந்த அதிர்வு பதிவானது. இல்லாமற்போனது கருவியல்ல, பதிவைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு. ஒற்றைக் கருவி நடுக்கம் எங்கே, கடலடியிலா என்பதைச் சொல்லாது. லொறிக்கு அடிக்கும் மணியை ஊர் ஒரு மாதத்தில் நம்பாமல் விட்டுவிடும். எச்சரிக்கைக்கு 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கம் இருக்கிறது.

மாற்றி அமைத்த பிறகு, கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு சரிசெய்துவிட்டு, இந்தோனேசியப் பக்கம் 6.5 அல்லது அதற்கு மேற்பட்ட அளவிலான நடுக்கம் வரும்வரை பொறுத்திருங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் தரும் உலக நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டி, அந்த நேரத்திலிருந்து அரை மணித்தியாலப் பதிவைப் பாருங்கள். மாரி காலத்தில் ஐந்து முதல் பத்து செக்கன் இடைவெளியில் ஓயாத மெல்லிய அலைவு தெரிந்தால் பதறி எதையும் கழற்ற வேண்டாம், அது கடலலை நிலத்தை அடிப்பதன் பதிவு.