குளோன் செய்த சர்வரில் டேட்டாபேஸ் காலியானது ஏன்?

கேள்வி: கிளவுடில் இயங்கும் எங்கள் லினக்ஸ் சர்வரை இமேஜ் (நகல்) எடுத்து, அதிலிருந்து புதிய சர்வர் ஒன்றை உருவாக்கினோம். டாக்கர் கன்டெய்னர்கள் (செயலிகளைத் தனித்தனியாகப் பிரித்து இயக்கும் பெட்டகங்கள்) ஒழுங்காக ஓடுகின்றன. ஆனால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிள்கூட இல்லை. தரவு அழிந்துவிட்டதா?

பதில்: அழிந்திருக்க வாய்ப்பில்லை, பழைய சர்வரின் டிஸ்க்கில் அது பத்திரமாகவே இருக்கும். நீங்கள் எடுத்த இமேஜில் ஓஎஸ் டிஸ்க் மட்டும் சேர்ந்து, தரவுக்கான தனி டிஸ்க் விடுபட்டிருக்கலாம். பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அந்த டிஸ்க்குக்கு ‘நோஃபெயில்’ (nofail) என்று குறித்திருந்தால், டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் பூட் ஆகிவிடும். டிஸ்க் மவுன்ட் ஆகாத (இணைக்கப்படாத) வெறும் ஃபோல்டரை டாக்கர் கன்டெய்னருக்குக் கொடுக்க, அது காலியாக இருப்பதைக் கண்ட போஸ்ட்கிரஸ் கன்டெய்னர் புதிதாக ஒரு டேட்டாபேஸையே உருவாக்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராததுதான் இதில் உள்ள வில்லங்கம்.

டிஸ்க்குகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிஎல்கே’ (lsblk) கட்டளையை இட்டுப் பாருங்கள். டேட்டா டிஸ்க் அதில் தெரியவில்லையென்றால் காரணம் இதுவே. கன்டெய்னர்களை நிறுத்திவிட்டு, பழைய டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (குறிப்பிட்ட நேரத்து நகலிலிருந்து) புதிய டிஸ்க் உருவாக்கி இணைத்து, மவுன்ட் செய்த பிறகே அவற்றைத் தொடங்குங்கள். ஸ்னாப்ஷாட்டில் யூயூஐடி (டிஸ்க்கை அடையாளம் காட்டும் தனி எண், UUID) மாறாது என்பதால், எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி கொடுத்திருந்தால் அதைத் திருத்த வேண்டியதில்லை. இடையில் எழுதப்பட்ட தரவு மவுன்ட்டுக்கு அடியில் மறைந்துவிடுமாதலால், தேவைப்பட்டால் முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் (systemd), டாக்கருக்கான அமைப்பில் டேட்டா ஃபோல்டரைக் குறிப்பிட்டு ‘ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்’ (RequiresMountsFor) வரியைச் சேர்த்துவிட்டால், டிஸ்க் மவுன்ட் ஆகாதவரை டாக்கர் தொடங்காது.