பெரிய கப்பில் கூடுவது கோப்பியா, பாலா?

கேள்வி: எங்கள் பட்டணத்தில் பெரிய கோப்பிக் கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். சம்பளம் போட்டதும் மகள் அழைத்துப் போவாள். "கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் பெரிய கப் கிடைக்கும்" என்று கவுண்டரில் சொன்னதும் அதையே வாங்கிவிடுகிறாள். கப்தான் பெரிதாக இருக்கிறது, ஒட்டுக்கடைக் கோப்பியின் காட்டம் இல்லை. பெரிய கப் வாங்குவது லாபமா? பில்லில் வரி வேறு போடுகிறார்களே?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, கோப்பியின் ருசிக்காகக் குடிக்கிறவருக்கு அது லாபமே இல்லை.

இந்தக் கடைகளில் கோப்பி என்பது மெஷின் அழுத்திப் பிழியும் எஸ்பிரெசோதான். ஒரு ஷாட் ஏறக்குறைய 30 மில்லி. மற்றதெல்லாம் பால், நுரை, சிரப், ஐஸ். ஸ்டார்பக்ஸின் வழக்கமான அளவையே பாருங்கள். சூடான லாத்தேயில், அதாவது எஸ்பிரெசோவில் பால் கலந்த கோப்பியில், 354 மில்லி 'டால்' கப்புக்கு ஒரு ஷாட். 473 மில்லி 'கிராண்டே'வுக்கு இரண்டு. 591 மில்லி 'வென்டி'க்கும் அதே இரண்டுதான்! கடைசிப் படிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு பாலுக்குப் போகிறது. வெனிலா லாத்தே என்றால் இன்னும் மோசம்: சிரப் மூன்று, நான்கு, ஐந்து பம்ப் என்று கப்போடு ஏறும். கடைசிப் படியில் கோப்பி கூடாமல் பாலும் சீனியும்தான் கூடுகின்றன. வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

நம் ஒட்டுக்கடைக் கோப்பி வேறு சாதி. சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டை, பெரும்பாலும் காட்டமான ரொபஸ்டா. துணிப்பையில் வடித்த அந்தச் சாயம் டின் பாலையும் மீறி நிற்கும். அந்தக் காட்டம்தான் வேண்டுமென்றால் சின்னக் கப் எடுத்து ஒரு ஷாட் கூட்டச் சொல்லுங்கள். தனிக்காசு கேட்பார்கள், ஆனால் அந்தக் காசு கோப்பிக்குப் போகும். "இதில் எத்தனை ஷாட்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம், ஒவ்வொரு கடைக்கும் கணக்கு மாறும். ஐஸ் லாத்தேயில் "ஐஸ் குறைவாக" என்றால் அந்த இடத்தை நிரப்புவது பெரும்பாலும் பால்தான்.

கப்பில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளையும் படியுங்கள். அளவு, ஷாட், சிரப், பால் எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்றால், ஒரு வாய் குடிக்குமுன் அங்கேயே மாற்றிக் கேளுங்கள்.

வரி விஷயத்துக்கு வருகிறேன். 6 விழுக்காடு சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது. ஆண்டுக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்கும் உணவுக் கடைகள் அதை வசூலிக்க வேண்டும். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் என்று பில்லில் தனியாகப் போட்டிருந்தால் அது வரி அல்ல, கடை வைத்துக்கொள்வது, அரசாங்கத்துக்குப் போகாது. கவுண்டரில் நின்று நாமே தூக்கி வரும் கப்புக்கு அதைப் போட்டிருந்தால் எதற்கு என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் பில்லோடு உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். இழப்பு பெரிதென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே விசாரிக்கிறார்கள். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை.