ஆங்கிலத்தில் ‘கெட்’ (get) என்ற வினைச்சொல்லுக்குச் சரியான பொருள் என்ன?

‘கெட்’ என்றால் ‘பெறு’ என்று படித்தும், பாதி வாக்கியங்களில் அது பொருந்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மீது குறையில்லை. ஒரே சொல்லில் பொருள் எழுதி முடித்துவிடும் வழிகாட்டி நூல்களால் வந்த வினை இது. பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில், இதில் எனக்கு நெடுநாள் ஆற்றாமை உண்டு.

இந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று முதலில் பாருங்கள். ‘கெட்’டின் இறந்தகால வடிவம் ‘காட்’ (got). ‘காட் எ லெட்டர்’ என்பதுபோலப் பெயர்ச்சொல் வந்தால் பெறுதல். ‘கெட்டிங் டயர்டு’ என்பதுபோல ஒரு நிலையைக் குறிக்கும் சொல் வந்தால் அந்நிலையை அடைதல். ‘காட் ஹோம்’ என்றால் வீடு போய்ச் சேர்தல். பேச்சில் ‘ஐ கெட் இட்’ என்பது பெரும்பாலும் ‘புரிகிறது’தான்.

நம்மவர்கள் உண்மையில் இடறி விழும் இடம் வேறு. என் மாணவர் ஒருவர், அலுவலகம் கொடுத்த மடிக்கணினியைச் சேவை மையத்தில் கொடுத்துச் சரிசெய்துவிட்டு, ‘ஐ ரிப்பேர்டு தி லேப்டாப்’ என்று தம் வெளிநாட்டு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். உத்தரவாதக் காலம் முடியாத கருவியை யாரைக் கேட்டுத் திறந்தீர்கள் என்று உடனே விளக்கம் கேட்டுப் பதில் வந்துவிட்டது. தமிழில் ‘வீடு கட்டினேன்’ என்றால் கொத்தனாரை வைத்துக் கட்டியதாகவே எவரும் கொள்வர். ஆங்கிலத்தில் ‘ரிப்பேர்டு’ என்றால் தாமே திருப்புளியை எடுத்தார் என்றுதான் முதலில் தோன்றும். ‘ஐ காட் தி லேப்டாப் ரிப்பேர்டு’ என்று, பொருளை நடுவிலும் வினையின் மூன்றாம் வடிவத்தை இறுதியிலும் வைத்து எழுதியிருந்தால், பிறரைக் கொண்டு செய்வித்தது தெளிவாகியிருக்கும். முடி வெட்டிக்கொண்டதையும் இப்படியே, ‘காட் மை ஹேர் கட்’ என்று சொல்ல வேண்டும்.

இங்கே ‘காட்’டுக்குப் பதில் ‘ஹேட்’ (had) போட்டும் எழுதலாமே என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். தாராளமாக எழுதலாம், அது சற்றே முறைசார்ந்த நடை. விண்ணப்பங்களில் ‘ரிசீவ்’, ‘பிகம்’ போன்றவற்றை விரும்புவோரையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ‘கெட்’ கொச்சையானது, அதைத் தொடவே கூடாது என்று வகுப்பறையில் விதிப்பதை என்னால் ஏற்க இயலாது. பழைய நார்ஸ் என்னும் வட ஐரோப்பிய மொழியிலிருந்து வந்து, இடைக்கால ஆங்கிலத்திலேயே வேரூன்றிவிட்ட சொல் அது.

‘காட்டன்’ (gotten) என்ற வடிவத்தைக் கண்டும் மிரள வேண்டாம். ‘ஹேஸ் காட்டன் பெட்டர்’ என்பது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் ‘ஹேஸ் காட் பெட்டர்’ என்பர். என்னிடம் கார் இருக்கிறது என்னும் பொருளில் அமெரிக்கரும் ‘காட்டன்’ போடாமல் ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்பர்.