ஏரோப்ளேன் ஆல்பம்: வரி புரியலன்னா இப்படி கேட்டுப் பாருங்க

நண்பா, நியூட்ரல் மில்க் ஹோட்டல்ங்கிற அமெரிக்க ராக் பேண்டோட 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' (1998) நாலஞ்சு தடவை கேட்டும் ஒரு வரிகூட பிடிபடலன்னு புலம்பியிருந்தீங்க. மொதல்ல அந்த லிரிக்ஸ் பேஜை மூடுங்க, வரிக்கு வரி அர்த்தம் தேடுனா தலைவலிதான் மிச்சம். ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சா போதும், பாட்டு எழுதிப் பாடுற ஜெஃப் மேங்கம், நாஜிங்களுக்குப் பயந்து ஒளிஞ்சிருந்த யூதப் பொண்ணு ஆன் ஃப்ராங்கோட டைரியைப் படிச்சு ஆடிப்போயிட்டாரு, அந்த பாதிப்பு ஆல்பம் பூரா இருக்கு.

'ஹாலந்து, 1945' பாட்டைப் போடுங்க, கூடப்பொறந்தவ மட்டும் பக்கத்துல இருக்க ஒரு பொண்ணு சாகுறதும் சில வாரத்துல துப்பாக்கிங்க வர்றதும் வரும். ஆனும் அக்கா மார்கோவும் பெர்கன் பெல்சன் நாஜி வதை முகாம்ல செத்தது 1945 ஆரம்பத்துல, பிரிட்டிஷ் படை அங்க வந்தது ஏப்ரல்ல, இப்ப அந்த வரியைத் திரும்பக் கேளுங்க, பகீர்னு இருக்கும்!

அதுக்காக எல்லா வரியையும் ஆன் கதையோட முடிச்சுப் போடாதீங்க. பாட்டுல வர்ற ரெண்டு தலைப் பையன் யாருன்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க, நான் அந்த ஆட்டத்துக்கு வரல.

அப்புறம் பின்னாடி அழுற மாதிரி ஒரு சத்தம் வருதே, அது ரம்பத்தை வில்லால வாசிக்கிறது. ரெண்டாவது பாட்டுல மேங்கம் கத்துறது ஒத்துவரலன்னா ஸ்கிப் பண்ணிட்டு டைட்டில் பாட்டுலேர்ந்து ஆரம்பிங்க, தப்பே இல்ல.