‘தனியார் நிலம்’ பலகைக்குப் பயந்து திரும்ப வேண்டாம்

கேள்வி: லெஸ்டரில் வசிக்கிறேன். மே மாதம் திருநெல்வேலியிலிருந்து அம்மாவும் அப்பாவும் மூன்று வாரத்துக்கு வருகிறார்கள். டார்பிஷர் கிராமங்களில் கிணறுகளைப் பூவால் அலங்கரிக்கும் விழாவைக் காட்டி, அப்படியே வயல்வெளியில் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப்போக ஆசை. போன ஆண்டு நானும் கணவரும் அந்தப் பக்கம் நடந்தபோது, ‘தனியார் நிலம்’, ‘காளை உண்டு’ என்ற இரண்டு பலகைகளைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிவிட்டோம். அத்துமீறி நுழைந்தால் போலீஸ் வழக்காகிவிடும், பெற்றோரின் விசாவுக்கே ஆபத்து என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர், டிசிங்டன் விழாவுக்குச் சிறப்பு நுழைவு, வழிகாட்டியுடன் நடை, வேன் வசதி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 55 பவுண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் என்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: முன்பணத்தைக் கட்டாதீர்கள். கெடு ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருப்பதால்தான் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிசிங்டனில் கிணறு பார்க்க நுழைவுச் சீட்டு என்று ஒன்று கிடையாது. சாதாரண நுழைவே இல்லாத இடத்தில் சிறப்பு நுழைவு எங்கிருந்து வந்தது என்று அந்த மனிதரைக் கேட்டுப் பாருங்கள். அவை ஊருக்குள் தெருவோரத்தில் இருக்கும் கிணறுகள். யாரும் நடந்து போய்ப் பார்க்கலாம். கார் நிறுத்தக் காசு உண்டு. ஆங்காங்கே உண்டியல் வைத்திருப்பார்கள், மனமிருந்தால் போடலாம். அவ்வளவுதான் செலவு.

இந்த இடைத்தரகர்களை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். குளோஸ்டர்ஷரில் பிராக்வொர்த் பக்கம் கூப்பர்ஸ் ஹில் என்ற செங்குத்தான சரிவில், மே மாதக் கடைசித் திங்கட்கிழமை பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டு அதன் பின்னால் ஆட்கள் விழுந்து புரண்டு ஓடுவார்களே, கேள்விப்பட்டிருப்பீர்கள். கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால் 2010இல் அதிகாரபூர்வ விழாவைக் கைவிட்டார்கள். அதன்பிறகு உள்ளூர்க்காரர்கள் தாங்களாகவே நடத்திவருகிறார்கள். டிக்கெட்டும் இல்லை, இருக்கையும் இல்லை. அதற்கும் ‘முன்வரிசை’ என்று சொல்லி நம்மவர்களிடம் பணம் வாங்கியவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சரிவில் முன்வரிசை என்றால் பாலாடைக்கட்டி வந்து மோதுகிற இடம்தான்.

சீட்டுக்காகப் போகும் பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்த வேன். ஒன்பது பயணிகளோ அதற்கு மேலோ உட்காரும் வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டினால் பி.எஸ்.வி. (பொதுப் பயணிகள் சேவை வண்டி) உரிமம் வேண்டும். அதற்கான வட்டு (உரிமம் உண்டு என்று காட்டும் அடையாளச் சீட்டு) முன்கண்ணாடியில் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். எட்டுப் பயணிகள் வரை என்றால் பொதுவாகக் கவுன்சில் தரும் வாடகைக் கார் உரிமம். இரண்டும் இல்லாமல், தெரிந்தவரின் வேனைச் சனிக்கிழமைக்கு இரவல் வாங்கி ஓட்டுகிறவர்கள்தான் இந்தக் குழுக்களில் அதிகம். சொந்த உபயோகத்துக்கென எடுத்த காப்பீடு, காசுக்கு ஆள் ஏற்றினால் செல்லாமல் போகலாம். வெளிநாட்டிலிருந்து வந்த வயதானவர்களை அப்படிப்பட்ட வண்டியில் ஏற்றாதீர்கள். ‘வட்டின் படத்தை அனுப்புங்கள்’ என்று ஒரே ஒரு செய்தி போடுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

வழிகாட்டி வேண்டும் என்றால் ராம்ப்ளர்ஸ் என்ற நடைப்பயணச் சங்கம் நாடு முழுக்க வாரந்தோறும் நடைகளை நடத்துகிறது. உறுப்பினராகச் சேர்வதற்கு முன்பே சில நடைகளில் இலவசமாகக் கலந்துகொண்டு பார்க்கலாம்.

இனி போலீஸ், விசா. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தவறு. இங்கிலாந்தில் பிறர் நிலத்தில் வெறுமனே நடந்துபோவது சிவில் விவகாரம், குற்றமல்ல. ‘அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்’ என்ற பலகை பல பண்ணைகளில் பரம்பரையாகத் தொங்குகிறது. வழி தவறி நுழைந்தவரை வெளியே போகச் சொல்லும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு. போகச் சொன்னால் போய்விட வேண்டும், விஷயம் அதோடு முடிந்தது. உங்கள் பெற்றோரோ அத்துமீறவே போவதில்லை. பொதுப்பாதையில் நடக்கப்போகிறார்கள். விசாவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நம் ஊர்ப் பத்திரங்களில் ‘வழிநடைப் பாத்தியம்’ என்று ஒரு வரி வரும். பொதுப்பாதை அதேதான். நம் ஊரில் அது பக்கத்து நிலத்துக்காரருக்கான உரிமை, இங்கே ஊர் உலகத்துக்கே ஆனது. இரண்டு வாரம் சுற்றிப்பார்க்க வந்தவருக்கும் அதில் முழு உரிமை உண்டு. நீங்கள் பார்த்த ‘தனியார் நிலம்’ பலகையில் பொய் ஏதும் இல்லை. நிலம் தனியாருடையதுதான். இந்த நாட்டின் வயல்வழிப் பாதைகளில் பெரும்பாலானவை தனியார் நிலத்தின் குறுக்கேதான் போகின்றன. வழியை விட்டு வயலுக்குள் இறங்காதே என்பதற்காகவும் அப்படிப் பலகை வைப்பார்கள். ஆனால் பொதுப்பாதையில் ஆள் வரக்கூடாது என்று எண்ணிப் பொய்யான பலகை வைத்தால், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி வைத்தவர்மீதுதான் குற்றம். (ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

எது பொதுப்பாதை என்று எப்படித் தெரியும்? ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்று வாங்குங்கள். ஆரஞ்சு அட்டை போட்டிருக்கும். டிசிங்டன் பக்கத்துக்கு ஓ.எல். 24 என்ற தாள். அதில் குட்டிக்குட்டியான பச்சைக் கோடுகள் வரிசையாகப் போனால் அது நடப்பவர்களுக்கான பாதை. நீளமான பச்சைக் கோடுகள் என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம், நீங்களும் போகலாம். பலர் ஏமாறுவது கருப்புக் கோட்டில். கருப்புக் கோடு தரையில் ஒரு தடம் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது, நடக்கும் உரிமை உண்டு என்று சொல்வதில்லை. தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் பல வரைபடங்கள் இந்த வித்தியாசத்தையே காட்டுவதில்லை. தரையில் மஞ்சள் அம்பு தெரிந்தால் நடைபாதை, நீல அம்பு என்றால் குதிரைப்பாதை.

காளைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திரும்பி வந்துவிட்ட குடும்பங்களில் பாதி, காளைப் பலகையைப் பார்த்துத் திரும்பியவைதான்.

பொதுப்பாதை குறுக்கிடும் வயலில், பத்து மாதத்தைத் தாண்டிய பால்மாட்டு இனக் காளையை விடவே கூடாது. தனியாகவும் கூடாது, பசுக்களோடு சேர்த்தும் கூடாது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு இனங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: அயர்ஷர், பிரிட்டிஷ் ஃப்ரீசியன், பிரிட்டிஷ் ஹோல்ஸ்டீன், டெய்ரி ஷார்ட்ஹார்ன், கெர்ன்சி, ஜெர்சி, கெர்ரி. இந்த இனக் காளைகளுக்குக் கோபம் அதிகம் என்பது கால்நடைக்காரர்களின் அனுபவம். ஹியர்ஃபோர்டு போன்ற இறைச்சி இனக் காளைக்கு விதி வேறு. அதுவும் தனியாக நிற்கக் கூடாது. ஆனால் பசுக்களோ கிடாரிகளோ கூட மேய்ந்தால் விடலாம். துணை இருந்தால் அதன் கவனம் மனிதர்மீது திரும்பாது என்பது கணக்கு. பத்து மாதத்துக்கு உட்பட்ட காளைக்கன்று எந்த இனமானாலும் தடையில்லை.

இனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். நூறடி தூரத்தில் எனக்கே தெரியாது. அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த காளை தனியாக நின்றால், எந்த இனமானாலும் அது சட்டவிரோதம். நீங்கள் உள்ளே போக வேண்டாம், சுற்றிப் போங்கள், கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள். பசுக்களோடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தால் சத்தமில்லாமல் வயலோரமாக நடந்து கடந்துவிடுங்கள். உங்களைப் பார்த்ததும் பத்துப் பன்னிரண்டு மாடுகள் கூட்டமாக ஓடி வருகின்றனவா? அவை அநேகமாகக் காயடித்த இளங்காளைகள். தீவனம் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று பார்க்க வருகின்றன. நின்று கைகளை விரித்தால் நின்றுவிடும். நீங்கள் ஓடினால் அவையும் ஓடும்.

காளையை விட்டுவிடுங்கள். மே மாதத்தில் அஞ்ச வேண்டியது கன்று ஈன்ற பசுவுக்குத்தான். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தைத் தள்ளிவைத்துச் சுற்றிப் போகலாம், அதற்காக உங்களை யாரும் குறை சொல்லப்போவதில்லை. அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டுப் பசுவைத் தட்டிக்கொடுத்து வளர்ந்தவர்கள், இங்கேயும் கையை நீட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

புகார் எழுதுங்கள் என்றேன், உடனே ஏதோ நடந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வயலின் குறுக்கே போகும் பாதையை உழுதால் பதினான்கு நாளுக்குள் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சமன்செய்து கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மே மாதத்தில் போய்ப் பாருங்கள், கடுகு இனப் பயிர் மஞ்சள் மஞ்சளாக மார்பளவு நிற்கும், பாதை இருந்த சுவடே இருக்காது. நான் வழக்கமாக நடக்கும் ஒரு பாதையில் வேலி தாண்டும் மரப்படி உடைந்து கிடந்தது. கவுன்சிலுக்கு எழுதினேன். புகார் எண் வந்தது. அடுத்த ஆண்டு கேட்டேன், ‘பணி முன்னுரிமைப் பட்டியலில் உள்ளது’ என்று பதில் வந்தது. அதற்கடுத்த ஆண்டும் அதே வரி, எழுத்துப்பிழை உட்பட. மூன்றாம் ஆண்டு அந்த நிலத்து விவசாயியே இரண்டு பலகையும் ஆணியும் கொண்டு வந்து அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். கவுன்சிலிலிருந்து அப்புறமாக ஒரு மின்னஞ்சல் வந்தது, சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பெண் கேட்டு.

உங்கள் நாளுக்கு வருவோம். விழா பரமேறுதல் நாளன்று தொடங்குகிறது. திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, இயேசு பரலோகத்துக்கு ஏறியதை நினைவுகூரும் நாள். ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள், எப்போதும் வியாழக்கிழமை. 2026இல் மே 14, 2027இல் மே 6. அன்று கோயில் ஆராதனை முடிந்து, ஊர்வலமாகப் போய் ஒவ்வொரு கிணற்றையும் ஆசீர்வதிப்பார்கள். ஆராதனை பார்க்க ஆசை இருந்தால் அன்றைக்கே போங்கள். இல்லையென்றால் மறுநாள் வெள்ளிக்கிழமை காலை போங்கள். அலங்காரம் ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும், ஆனால் வெயில் பட்டால் இதழ்கள் பழுப்பேறிவிடும். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. கிளம்புவதற்கு முந்தைய வாரம், அந்த ஆண்டு விழா உண்டா என்று ஊரின் அறிவிப்பில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அம்மாவைக் கிணற்றருகே நிறுத்தியிருக்கும் பூ அலங்காரப் பலகையின் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்துங்கள். மரச்சட்டத்தைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டுப் பிசைந்த களிமண்ணை அதில் அப்பி, படத்தின் கோடுகளைக் காப்பிக்கொட்டையாலோ ஆல்டர் மரத்தின் கருப்புக் காய்களாலோ கட்டியிருப்பார்கள். பிறகு ஒவ்வோர் இதழாக, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல ஒன்றன் விளிம்பில் ஒன்று படியும்படி கட்டைவிரலால் அழுத்துவார்கள். மழை பெய்தால் தண்ணீர் வழிந்து இறங்கிவிடும், களிமண் கரையாது. மார்கழியில் வாசலில் குனிந்த கைக்கு அந்த வேலை எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அப்பாவின் முழங்காலுக்கு வயல் வேண்டாம், டிசிங்டன் டிரெயில் போதும். ஊரின் ஓரத்திலேயே போகிறது. மூடப்பட்ட ரயில் தடத்தை 1971இல் நடைபாதையாக்கினார்கள். ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 13 மைல். ரயில் போன வழி என்பதால் மேடு பள்ளம் பெரிதாக இல்லை, வேலி தாண்டும் வேலையும் இல்லை. பழைய ஸ்டேஷன் இருந்த இடத்தில் கட்டண வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. எந்த நிறுத்துமிடத்திலும் இயந்திரத்தின் மேல் தனியாக ஒட்டிய கியூஆர் தாளை ஸ்கேன் செய்யாதீர்கள், போலித் தாள் ஒட்டிப் பணம் பறிப்பது இப்போது நாடெங்கும் நடக்கிறது. சில்லறை கொண்டு போங்கள்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அம்மாவுக்கு ஒரு வயலாவது காட்ட வேண்டும் என்றால், அந்த வட்டாரத்தில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையும் சந்துகள் இருக்கும், ஆடு மாடு நுழையாதிருக்க. புடவை என்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடட்டும். பாதையோரம் காஞ்சொறிபோல அரிக்கும் நெட்டில் செடி மண்டிக் கிடக்கும்.

வயல் கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். திறந்து கிடக்கும் கதவைக் கண்டால் நம் பெரியவர்களுக்குக் கை சும்மா இருக்காது, சாத்திவிட்டுத்தான் வருவார்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மாடுகள் போய்வருவதற்காக அதைத் திறந்து வைத்திருப்பார்கள்.